கதிர்வீச்சு பட்ட குடல் ஆறுவதற்கு என்ன வேண்டும்?

இடுப்புக்குழியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற ஒருவருக்குக் குடல் அறுவை சிகிச்சை தேவைப்படும்போது, கட்டியையோ சுருங்கிப்போன பகுதியையோ வெட்டி எடுப்பது அனுபவமுள்ள மருத்துவருக்குப் பெரும்பாலும் கைவருகிற வேலைதான். வெட்டிய இரு முனைகளையும் மறுபடி சேர்த்த பிறகு அந்த இணைப்பு கசியாமல் ஆறுமா என்பதுதான் பெரிய கவலை. இணைப்பு விட்டுப்போனால் குடலுக்குள் இருக்கும் கழிவும் கிருமிகளும் வெளியே கசிந்து சீழ்க்கட்டி, இரத்தத்தில் பரவும் தொற்று, அவசர மறு அறுவை, நிரந்தர ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு) என்று நிலைமை முற்றும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். கதிர்வீச்சு இந்த அபாயத்தைக் கூட்டுகிறது. அந்த அபாயத்தைக் குறைக்க நம்மிடம் இன்று உள்ளவற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: கெட்டுப்போன திசுவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. பலன் தந்திருப்பவை எல்லாம், அந்தத் திசுவை நம்பாமல் வேறு நல்ல திசுவையும் இரத்த ஓட்டத்தையும் அங்கே கொண்டுவரும் முறைகளும், காலத்தைத் தேர்ந்து செய்யும் முறைகளும், கிருமிகளைக் கட்டுப்படுத்தும் முறைகளும்தான்.

இவ்வளவு தொல்லை தரும் கதிர்வீச்சை ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. மலக்குடல் புற்றுநோயில் இதற்கு உறுதியான சான்று இருக்கிறது. அறுவைக்கு முன் 5 நாட்களில் 25 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுத்த ஸ்வீடன் ஆய்வின் முடிவு 1997இல் வெளியானது. அதே இடத்தில் புற்று திரும்ப வருவது 27 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்திருந்தது. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு சேர்த்து முழுமையாக அகற்றும் மேம்பட்ட அறுவை முறை வந்த பிறகும் நெதர்லாந்து ஆய்வில் இந்தப் பலன் நீடித்தது. 2001இல் வெளியான அதன் கணக்கில், 2 ஆண்டுகளில் திரும்ப வந்தது 8.2 சதவீதம் என்றிருந்தது 2.4 சதவீதமானது. 2004இல் வெளியான ஜெர்மனி ஆய்வு, கதிர்வீச்சையும் கீமோதெரபியையும் அறுவைக்கு முன் கொடுப்பதையும் பின் கொடுப்பதையும் ஒப்பிட்டது. முன் கொடுப்பதே மேல் என்பது முடிவு. குடல் ஆறுவதைப் பொறுத்தவரை இந்த முடிவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கொடுத்தால், அது புதிதாகக் கீழே இறக்கி இணைத்த குடலின் மீதும், காலியான இடுப்புக்குழிக்குள் சரிந்து விழும் சிறுகுடலின் மீதும் நேராகப் பாயும். முன்பே கொடுத்துவிட்டால் கதிர் பட்ட குடலின் பெரும்பகுதி அறுவையிலேயே வெளியே எடுக்கப்பட்டுவிடும்.

சாதாரணக் குடல் இணைப்பு எப்படி ஆறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். குடல் சுவரில் உள்ள அடுக்குகளில் தையலைத் தாங்கும் வலு, உள்ளே உள்ள சளிப்படலத்துக்கு அடியில் இருக்கும் படலத்துக்கே உண்டு என்று அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1887இல் காட்டினார். அந்தப் படலத்தின் வலு கொலாஜன் என்ற நார்ப்புரதத்திலிருந்து வருகிறது. இணைப்பு போட்ட முதல் மூன்று நான்கு நாட்களில் உடல் அந்த இடத்தில் பழைய கொலாஜனைக் கரைக்கிறது. அழற்சி அணுக்கள் வெளியிடும் நொதிகள் அந்த வேலையைச் செய்கின்றன. புதுக் கொலாஜன் போதிய அளவில் சேர்வது அதற்குப் பிறகுதான். ஆகவே அந்த இடைப்பட்ட நாட்களில் இணைப்பைத் தாங்குவது உடலின் வலு அல்ல, தையலோ ஸ்டேப்ளர் ஊசிகளோதான். கசிவுகளில் பல முதல் வாரத்தின் பிற்பகுதியிலோ அதை ஒட்டிய நாட்களிலோ வெளிப்படுவதற்கு இதுவே அடிப்படை. புதுக் கொலாஜன் நெய்யப்பட, அதைச் செய்யும் நார் அணுக்கள் வேண்டும். அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனைக் கொண்டுவரச் சின்னஞ்சிறு இரத்தக் குழாய்கள் வேண்டும்.

கதிர்வீச்சு இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தாக்குகிறது. முதலில் அடிபடுபவை வேகமாகப் பெருகும் சளிப்படல அணுக்கள். சிகிச்சை நடக்கும்போதே வரும் வயிற்றுப்போக்கும் வயிற்று வலியும் இதன் விளைவு. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் சளிப்படலம் பெரும்பாலும் மீண்டுவிடும். அதற்கு அடியில் நடப்பதோ மெதுவானது, மீளாதது. சிறு தமனிகளின் உட்சுவர் அணுக்கள் சேதமடைந்து, குழாயின் உட்புறம் தடித்து, உள்வழி குறுகிக்கொண்டே வருகிறது. காயத்தை ஆற்ற வேண்டிய நார் அணுக்கள் ஒரு பக்கம் குறைகின்றன. எஞ்சியவை, டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்களின் தூண்டுதலால், ஒழுங்கற்ற வடுநாரை ஓயாமல் சுரக்கின்றன. ஆறு மாதம் கழித்துத் தொடங்கும் இந்த மாற்றம் சிலரிடம் பத்து இருபது ஆண்டுகள் கழித்துக்கூட அடைப்பாகவோ இரத்தக்கசிவாகவோ வெளிப்படும். குழாய் குறைவு, ஆக்சிஜன் குறைவு, அணுக் குறைவு என்ற மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன.

இங்கே இரண்டு வேறு நோயாளிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மலக்குடல் புற்றுக்காகக் கதிர்வீச்சு பெற்று, சில வாரங்களிலோ மாதங்களிலோ திட்டமிட்டபடி அறுவைக்கு வருபவர் ஒருவர். கருப்பைவாய்ப் புற்றுக்கோ புராஸ்டேட் புற்றுக்கோ பல ஆண்டுகளுக்கு முன் கதிர்வீச்சு பெற்று, இன்று குடல் அடைப்போடு வருபவர் இன்னொருவர். முதலாமவருக்கு வடு இன்னும் முற்றவில்லை, இரண்டாமவருக்கு முற்றிவிட்டது.

இரண்டாமவரின் வயிற்றைத் திறக்கும்போது மருத்துவர் காண்பது எளிதில் மறக்க முடியாத காட்சி. இயல்பான சிறுகுடல் இளஞ்சிவப்பாக, ஈரப்பளபளப்போடு, தொட்டால் நெளிந்துகொடுக்கும். கதிர் பட்ட சிறுகுடலோ வெளுத்துச் சாம்பல் பூத்து, சுவர் தடித்து, மேற்பரப்பில் நுண்ணிய குழாய்கள் சிவப்புக் கீற்றுகளாக விரிந்து, இடுப்புக்குழிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பிரிக்கப் போனால் கிழியும். கிழிந்த இடத்தில் போடும் தையல் பிடிக்காமல் அறுத்துக்கொண்டு வரும். ஆகவே அடைப்பு இருக்கும் அங்குலத்தை மட்டும் வெட்டி அருகருகே இருக்கும் முனைகளைச் சேர்ப்பது பார்வைக்குச் சிக்கனமாகத் தோன்றினாலும், அது மிகப்பெரிய பிழையாக முடியக்கூடும். சேதமான பகுதியைத் தாராளமாக விட்டு வெட்டி, இணைக்கும் இரு முனைகளில் ஒன்றாவது கதிர் படாத குடலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பல பத்தாண்டுகளின் அனுபவம் சொல்வது. சிறுகுடலின் கடைப்பகுதி இடுப்புக்குழிக்கு அருகில் கிடப்பதால் அதுதான் அதிகம் சேதமாகும். அதைப் பெருங்குடலின் தொடக்கத்தோடு சேர்த்து அகற்றி, மேலே உள்ள நல்ல சிறுகுடலைக் கதிர் எட்டாத குறுக்குப் பெருங்குடலோடு இணைப்பது இதற்கு ஒரு வழி. வெட்டிய முனையிலிருந்து புத்தம் சிவப்பாக இரத்தம் கசிகிறதா என்று பார்த்த பிறகே தையல் போட வேண்டும். அந்தச் சிறு சோதனையில் திருப்தி இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் மேலே போய் வெட்டுவதற்குத் தயங்கக் கூடாது, இருக்கும் சிறுகுடலின் நீளத்தை அளந்து பார்த்துக்கொண்டு.

மலக்குடல் புற்று நோயாளிக்கும் இதே கொள்கை வேறு வடிவில் பொருந்தும். மலவாய்க்கு மேலே எஞ்சும் சிறு துண்டு கதிர் பட்டதாகத்தான் இருக்கும். அதை மாற்ற வழியில்லை. ஆனால் மேலிருந்து இறக்கும் முனை எது என்பதை மருத்துவர் தேர்ந்துகொள்ளலாம். மலக்குடலுக்குச் சற்று மேலே, இடுப்புக்குழியில் தொங்கிய சிக்மாய்டு குடலையும் ஓரளவு கதிர் தொட்டிருக்கும். ஆகவே மண்ணீரலுக்கு அருகில் வளைந்து திரும்பும் பெருங்குடலை அதன் பிடிப்புகளிலிருந்து விடுவித்து, கதிர் எட்டாத இறங்கு பெருங்குடலை இழுவிசை இல்லாமல் கீழே கொண்டுவருவது வழக்கம். இதற்குக் கூடுதலாக நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பது நோயாளியின் நலனில் கைவைப்பதாகும் என்பது என் உறுதியான எண்ணம். இறுக்கமாக இழுத்துக் கட்டிய இணைப்பில் இரத்த ஓட்டம் குறையும் என்பது கதிர் படாத குடலிலேயே உண்மை, கதிர் பட்ட துண்டோடு சேரும்போது கேட்கவே வேண்டாம்.

எப்போது அறுவை செய்வது என்பதும் ஆறுதலைத் தீர்மானிக்கிறது. ஐந்து நாள் கதிர்வீச்சு முடிந்த ஒரு வாரத்துக்குள் அறுவை செய்தால் திசு அழற்சியின் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். நான்கு முதல் எட்டு வாரம் பொறுத்துச் செய்தவர்களோடு இவர்களை ஒப்பிட்ட ‘ஸ்டாக்ஹோம் 3’ ஆய்வு 2017இல் வெளியானது. உடனே அறுவை செய்தவர்களில் 53 சதவீதத்தினருக்கும், பொறுத்துச் செய்தவர்களில் 41 சதவீதத்தினருக்கும் அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் ஏற்பட்டன. புற்று கட்டுப்படுவதில் குறை இல்லை. அப்படியானால் இன்னும் பொறுத்தால் இன்னும் நல்லதா? நீண்ட கால கீமோ-கதிர்வீச்சு பெற்றவர்களை 7 வாரத்திலும் 11 வாரத்திலும் அறுவை செய்து ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வில், தாமதித்தவர்களுக்குச் சிக்கல்கள் 32 சதவீதத்திலிருந்து 44.5 சதவீதமாகக் கூடின. கட்டி முழுவதும் மறைந்தவர்களின் விகிதமும் உயரவில்லை. அழற்சி அடங்கிய பிறகு, வடு இறுகுவதற்கு முன் என்று ஒரு இடைவெளி இருப்பதாக இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்கும்போது தோன்றுகிறது. அந்த இடைவெளி நாள்காட்டியில் கோடு போட்டுக் காட்டக்கூடியதல்ல என்றாலும், அறுவை நாள் காரணமின்றித் தள்ளிப்போவதை நோயாளியும் குடும்பமும் கேள்வி கேட்கலாம்.

இணைப்புக்கு மேலே தற்காலிக ஸ்டோமா வைத்து, மலம் அந்த வழியே போகாமல் திருப்பிவிடுவது பழைய உத்தி. தாழ்ந்த மலக்குடல் இணைப்பு பெற்ற 234 பேரிடம் ஸ்வீடனில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஸ்டோமா வைக்காதவர்களில் 28 சதவீதத்தினருக்கு அறிகுறியோடு கசிவு ஏற்பட்டது, வைத்தவர்களில் 10.3 சதவீதம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தாழ்ந்த இணைப்பு போட்டால் ஸ்டோமா ஏறக்குறைய விதியாகிவிட்டதற்கு இத்தகைய சான்றுகளே காரணம். ஆனால் ஸ்டோமா திசுவை ஆற்றுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கசிந்தாலும் உயிராபத்தாக மாறாமல் தடுப்பதுதான் அதன் முதன்மையான வேலை. ஸ்டோமா வேண்டாதவர்களுக்கு இன்னொரு பழைய முறை மறுபடி கவனம் பெற்றிருக்கிறது: குடலை மலவாய் வழியே வெளியே இழுத்து ஒரு வாரம் அளவில் அப்படியே விட்டு, சுற்றியுள்ள திசுவோடு அது ஒட்டிப் பிடித்த பிறகு மிகுதியை வெட்டித் தையல் போடுவது. இணைப்பு போடும்போதே பாதி ஒட்டியிருப்பதால் பலவீனமான அந்த முதல் நாட்கள் தாண்டிப் போய்விடுகின்றன.

இரத்த ஓட்டத்தைக் கண்ணால் ஊகிப்பதற்குப் பதிலாகக் காட்டிக்கொடுக்கும் கருவியும் வந்திருக்கிறது. இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை நரம்பில் செலுத்தி, அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியில் கேமரா வழியே பார்த்தால், ஒரு நிமிட அளவில் குடல் பச்சையாக ஒளிரத் தொடங்கும். ஒளி எங்கே நிற்கிறதோ அதுவே உயிருள்ள எல்லை. வெறும் கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த கடைசி ஓரிரு சென்டிமீட்டர் இருளாகவே நிற்பதும் உண்டு. அப்போது வெட்டும் இடத்தை மேலே நகர்த்துவார்கள். ஆய்வு முடிவுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2020இல் வெளியான ரஷ்ய ஆய்வில் கசிவு 16.3 சதவீதத்திலிருந்து 9.1 ஆனது, அமெரிக்காவில் நடந்து பாதியில் நின்ற ‘பில்லர் 3’ ஆய்வில் 9.6-க்கு 9.0 என்று வேறுபாடே இல்லை. இரத்த ஓட்டம் கசிவுக்கு ஒரு காரணம் மட்டுமே என்பதை இந்த முரண்பாடு நினைவூட்டுகிறது.

இன்னொரு காரணம் கிருமிகள். இந்தப் பகுதி அறுவை உலகில் நெடுங்காலம் மறந்துகிடந்தது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1955இலேயே ஐசிடோர் கோன் என்ற அமெரிக்க மருத்துவர், நாய்களின் குடலில் இரத்த ஓட்டத்தைத் துண்டித்த இணைப்புக்குள் குழாய் வழியே ஆன்டிபயாடிக் செலுத்தினால் அது விட்டுப்போகாமல் ஆறுவதைக் காட்டினார். அரை நூற்றாண்டு கழித்து சிகாகோவில் ஜான் அல்வர்டியின் குழு இந்தக் கேள்விக்குத் திரும்பியது. 2012இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் எலிகளுக்கு முதலில் கதிர்வீச்சு கொடுத்து, குடலை வெட்டி இணைத்து, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். கதிர்வீச்சும் கிருமியும் சேர்ந்தபோது இணைப்புகள் பெருமளவில் கசிந்தன. அந்த இடத்திலிருந்து திரும்ப எடுத்த பாக்டீரியாவின் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டிருந்தது. அது முன்பைவிட அதிகமாகக் கொலாஜனைச் சிதைக்கும் வகையாக மாறியிருந்தது. 2015இல், குடலில் சாதாரணமாக வாழும் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் வகைகள் கொலாஜனைத் தாமே சிதைப்பதோடு, நம் உடலின் கொலாஜன் கரைக்கும் நொதி ஒன்றையும் முடுக்கிவிடுகின்றன என்று காட்டினார்கள். அறுவைக்கு முன் நரம்பில் போடும் வழக்கமான ஆன்டிபயாடிக் அந்த எலிகளில் இக்கிருமியை இணைப்பிலிருந்து அகற்றவில்லை. குடலுக்குள் நேரடியாகப் போட்ட மருந்து அகற்றியது, கசிவையும் தடுத்தது.

எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அறுவைக்கு முந்தைய நாள் குடலைக் கழுவிச் சுத்தம் செய்வதோடு வாய்வழி ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் கொடுக்கும் வழக்கத்துக்கு இது அர்த்தம் தருகிறது. பின்லாந்தில் மலக்குடல் அறுவை நோயாளிகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், குடல் சுத்தத்தோடு மாத்திரையும் பெற்றவர்களுக்குத் தொற்றும் இணைப்புக் கசிவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. செலவு குறைந்த, எந்தச் சிறப்புக் கருவியும் வேண்டாத இந்த வழியை, விலை உயர்ந்த கருவிகளுக்கு முன்னால் வைத்துப் பேச வேண்டும்.

நோயாளியின் கையில் இருப்பவையும் உண்டு. புகைப்பழக்கத்தை நான்கு வாரத்துக்கு முன்பாவது நிறுத்துவது, இரத்தசோகையைச் சரிசெய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் சாப்பிடுவது (சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு). கதிர்வீச்சின்போது வயிற்றுப்போக்கால் எடை இழந்தவர்களுக்கு இந்தப் புரதக் கணக்கு மிகவும் முக்கியம், ஏனென்றால் கொலாஜனே புரதம். கதிர்வீச்சுக்கும் அறுவைக்கும் இடைப்பட்ட வாரங்கள் காத்திருப்பு அல்ல, தயாரிப்புக்கான காலம். பெருங்குடல் புற்று நோயாளிகளுக்கு 4 வாரம் உடற்பயிற்சி, சத்துணவு, மனநல ஆதரவு, புகை நிறுத்தம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கடுமையான சிக்கல்கள் 29.7 சதவீதத்திலிருந்து 17.1 ஆகக் குறைந்தன. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளுக்கும் கசிவுக்கும் தொடர்பு காணப்பட்டிருப்பதால், இணைப்பு போட்ட முதல் நாட்களில் அவற்றைத் தவிர்ப்பவர்கள் பலர்.

கெட்ட திசுவை மீட்பதாகச் சொல்லப்படும் சிகிச்சைகளில் அழுத்த ஆக்சிஜன் முதலிடத்தில் இருக்கிறது. இரண்டு முதல் இரண்டரை மடங்கு வளி அழுத்தம் உள்ள அறையில், ஒரு தடவைக்கு 90 நிமிடம் அளவில், 30 முதல் 40 தடவை ஆக்சிஜன் சுவாசித்தால் புதிய நுண்குழாய்கள் முளைக்கும் என்பது இதன் அடிப்படை. கதிர்வீச்சால் மலக்குடல் புண்ணானவர்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு நல்ல பலன் காட்டியது. 2016இல் வெளியான பிரிட்டன் ஆய்வு, போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை என்றது. இரண்டுமே அறுவை இணைப்பைச் சோதித்தவை அல்ல. பென்டாக்ஸிஃபிலின் என்ற இரத்த ஓட்ட மருந்தையும் வைட்டமின் ஈ-யையும் சேர்த்து நீண்ட காலம் கொடுப்பது வடுவை இளக்கும் என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான். குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) இணைப்பைச் சுற்றிச் செலுத்திய எலி ஆய்வுகள் ஆவலைத் தூண்டுகின்றன. நோயாளியிடம் பயன்படுத்தும் நிலைக்கு அவை வரவில்லை. இவற்றை அறுவைக்கு முன் கட்டாயம் என்று யாராவது விற்க வந்தால், எந்தச் சான்றின் பேரில் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

மலவாயையும் சேர்த்து அகற்ற வேண்டியவர்களுக்குக் குடல் இணைப்பு இல்லை. அங்கே ஆறாமல் தொல்லை தருவது பிட்டங்களுக்கு நடுவே மூடிய காயம். வயிற்றிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ தொடையிலிருந்தோ இரத்தக் குழாயோடு கூடிய தசையையும் தோலையும் திருப்பி அந்தக் குழியை நிரப்புவது, பெரிய காயங்களில் இன்றும் நம்பகமான வழி. பதப்படுத்திய விலங்குத் திசுவால் ஆன வலையை வைத்துத் தைத்த நெதர்லாந்து ஆய்வில் பின்னாளில் குடல் பிதுங்குவது குறைந்தது, காயம் ஆறும் வேகம் கூடவில்லை. உயிருள்ள இரத்த ஓட்டத்தைக் கொண்டுவராத எதுவும் கதிர் பட்ட குழியில் அதிகம் சாதிப்பதில்லை.

அறுவை முடிந்த பிறகு விழிப்போடு இருப்பதும் ஆறுதலின் பகுதியே. மூன்றாம் நான்காம் நாளில் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டி நின்றால், காய்ச்சலும் வலியும் இல்லாவிட்டாலும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. கதிர்வீச்சு பெற்றவர்களிடம் கசிவு சத்தமின்றித் தாமதமாகவும் வரும். நெதர்லாந்தில் 998 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது, முதல் 30 நாட்களில் 13.4 சதவீதமாக இருந்த கசிவு, காலம் போகப் போக 20 சதவீதமாகியிருந்தது. கசிந்த இணைப்புகளில் பாதிக்கு அருகில் ஓராண்டு கழித்தும் ஆறவில்லை, முதுகெலும்பின் அடிப்பகுதிக்கு முன்னால் ஒரு நாள்பட்ட சீழ்ப்பையாகத் தங்கிவிட்டது. கசிவைச் சில நாட்களிலேயே கண்டுபிடித்து, அந்தக் குழிக்குள் பஞ்சு வைத்து உறிஞ்சும் சிகிச்சையைத் தொடங்கினால் மூடுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. மாதங்கள் கழித்துத் தொடங்கினால் குழியின் சுவர் விறைத்துப்போய் ஒட்ட மறுக்கிறது. இதனால்தான், தற்காலிக ஸ்டோமாவை மூடும் நாள் குறிப்பதற்கு முன் மலவாய் வழியே மருந்துநீர் ஏற்றிப் படம் எடுத்தும், விரலாலும் குழாய்க் கேமராவாலும் இணைப்பைப் பரிசோதித்தும் பார்க்க வேண்டும். நோயாளி எவ்வளவு நன்றாக உணர்ந்தாலும் கதிர்வீச்சு பெற்றவருக்கு இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.